ஜோசஃபின் கட்டிய பை

பை கட்டுவதில் பெங்களூர் பிரேசர் டவுன் ஜோசஃபினை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வேளாங்கண்ணித் திருவிழாவோ, வேலூரில் நாத்தனார் வீட்டு ஞானஸ்நானமோ, பீரோ கதவைத் திறந்தாளென்றால் கொஞ்ச நேரத்தில் ஜிப் இழுக்கும் சத்தம் கேட்கும். யோசிக்கவே மாட்டாள். கை தானாகப் போகும், தானாக எடுக்கும், தானாக மடிக்கும். அந்தக் கைதான் இந்தத் தடவை அவள் மானத்தை வாங்கியது. அதுவும் நந்தி மலை அடிவாரத்தில், இரண்டு உயிர்த்தோழிகளின் கண்முன்னால்.

அந்தத் தோழிகள் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ரெசிடென்சி ரோடு பக்கம் முன்பு ஒரு ஹோட்டல் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கண்ணாடி போட்ட ஆபீஸ் கட்டடம் நிற்கிறது. கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் வாசலில் டீ குடிக்கிறார்கள். அந்த ஹோட்டலில் ஜோசஃபின் டெலிபோன் ஆபரேட்டர். அவள் ‘குட் மார்னிங்’ சொல்லும் குரலைக் கேட்டுவிட்டு, ஆள் எப்படி இருப்பாள் என்று பார்க்க மாடியிலிருந்து இறங்கி வந்த விருந்தாளிகள் உண்டு. ஸ்ரீராம்புரத்துச் சொர்ணம் துணி அறையில் இருந்தாள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அவள் பொறுப்பு. மல்லேஸ்வரத்து வித்யாலட்சுமிக்குக் கணக்குப் பிரிவில் வேலை. மதியச் சாப்பாடு மூன்று பேருக்கும் துணி அறையில்தான், இஸ்திரி போட்ட துண்டுக் குவியலில் சாய்ந்துகொண்டு. வித்யாவின் தயிர்சாதத்தை ஜோசஃபின் தின்பாள். ஜோசஃபினின் கேக்கை, முட்டை போட்டதா என்று கேட்காமலே வித்யா தின்பாள். சொர்ணம் இரண்டையும் தின்பாள். ஹோட்டல் போயிற்று, வேலை போயிற்று, மூன்று பேருக்கும் நரை வந்துவிட்டது. சொர்ணத்தின் வாய் மட்டும் அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது.

ஜோசஃபினுக்கு டேரில் பிறந்தபோது, டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொன்னார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்துவிட்டுப் போனார்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்கு வந்த முகம் ஒன்றுகூட இல்லை. வித்யா வந்தாள். எதுவும் கேட்காமல் குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, “மூக்கு அப்படியே அப்பா ஓஸ்வால்ட் மூக்குடி, பாவம் குழந்தை” என்றாள். பிரசவத்துக்குப் பிறகு ஜோசஃபின் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான். சொர்ணம் கையில் ஒரு நீலத் துண்டோடு வந்தாள். நீச்சல் குளத்துக்கென்று வாங்கி, துவைத்துத் துவைத்துச் சாயம் போய், இனி உதவாது என்று ஹோட்டல் கழித்துப்போட்ட துண்டு.

“புதுத்துணி ஆகாதுடி புள்ளைக்கி, முள்ளு மாதிரி குத்தும்” என்றாள் சொர்ணம். “இது நூறு தண்ணி பாத்தது. பூவாட்டம் இருக்கும்.”

அந்தத் துண்டு இன்னும் இருக்கிறது. ஓரம் பிரியப் பிரிய மடித்துத் தைத்து, உடம்பு துடைக்கிற துண்டு இப்போது முகம் துடைக்கிற அளவுக்கு வந்து நிற்கிறது. டேரிலுக்கு இருபத்தாறு வயது. பகலில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய்க் காகித உறை ஒட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறான், தெருவில் போகிற நாய்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். ஆனால் நீலத் துண்டு கையில் இல்லாமல் தூங்க மாட்டான். அதாவது, தூங்க மாட்டான் என்பது ஜோசஃபினின் கட்சி.

அவளுக்கு இந்த மாதிரிக் கட்சிகள் நிறைய உண்டு. அவனால் பட்டன் போட முடியாது, அதனால் அவள் போடுவாள். மீனில் முள் பார்க்கத் தெரியாது, அதனால் அவள் எடுத்துக் கொடுப்பாள். அவனுடைய ஸ்டீல் தம்ளர் இல்லையென்றால் தண்ணீர் குடிக்க மாட்டான். அவள் கணவர் ஓஸ்வால்ட் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த மெஷினையும் பிரித்துப் பூட்டுகிற கை. அந்தக் கை மகனுக்குச் சாதம் பிசையப் போனால், “உங்களுக்குத் தெரியாதுங்க, விடுங்க” என்று தட்டு பறிபோகும். பல வருஷம் முயன்று பார்த்துவிட்டு மனுஷன் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. டேரில் பிறந்ததிலிருந்து ஜோசஃபின் அவனை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. தோழிகள் சினிமாவுக்குக் கூப்பிட்டாலும் விளக்கு வைப்பதற்குள் வீட்டில் இருப்பாள்.

போன வருஷம் அவளுக்கு வயிற்று வலி வந்தது. மாதாமாதம் உதிரம் நிற்காமல் போயிற்று. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, கர்ப்பப்பையில் கட்டிகள் இருக்கின்றன, பயப்படுகிற கட்டி இல்லை, ஆனால் கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆக வேண்டும், இப்படி இரத்தம் போனால் உடம்பு தாங்காது என்றார். நாலைந்து நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். தேதி கொடுத்தார்கள். டேரிலுக்குச் சளி என்று தள்ளிப்போட்டாள். மறுபடியும் கொடுத்தார்கள். கிறிஸ்மஸ் வருகிறது என்று தள்ளிப்போட்டாள். வலி பொறுக்காத ராத்திரிகளில் எழுந்துபோய் டேரிலின் கட்டில் ஓரம் உட்கார்ந்துகொள்வாள். அவன் பாதித் தூக்கத்தில் கண்ணைத் திறந்து பார்ப்பான். நீலத் துண்டின் ஒரு முனையை அவள் கையில் திணித்துவிட்டு மறுபடி தூங்கிப்போவான். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை எப்படித் தூங்கும் என்று அப்போதெல்லாம் அவள் நினைத்துக்கொள்வாள்.

அவள் முகம் வெளுத்துப்போனதைக் கண்டுபிடித்தது சொர்ணம்தான். வித்யா வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள். ஜோசஃபின் மழுப்பினாள். சொர்ணத்திடம் மழுப்பி யாரும் தப்பித்ததில்லை. எல்லாம் வெளியே வந்தது.

“ரெண்டு தடவ தள்ளிப் போட்டியா?” என்றாள் சொர்ணம். “அறிவிருக்கா உனக்கு? நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் புள்ளைய யாருடி பாக்கறது?”

“அதுக்குத்தானே பயப்படறேன்” என்று ஜோசஃபின் அழுதுவிட்டாள். “நான் ஆஸ்பத்திரில படுத்துட்டா அவன் சாப்பிட மாட்டான் சொர்ணா. தூங்க மாட்டான். அவரால முடியாது.”

சொர்ணம் காபித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“சரி. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒத்திக பாத்துருவோம்” என்றாள். “ஒரே ஒரு ராத்திரி. நாம மூணு பேரும் எங்கியாவது போலாம். டேரில் அவங்கப்பாகூட இருக்கட்டும். இருந்துட்டான்னா நீ மருவாதியா ஆஸ்பத்திரிக்குப் போற. இல்லன்னா நான் இதப்பத்தி வாயே தொறக்க மாட்டேன்.”

“நீ வாயத் தொறக்க மாட்டியா?” என்றாள் வித்யா. “அதுக்காகவே போலாம்டி.”

ஜோசஃபின் ஒப்புக்கொண்டாள். அவன் இருக்க மாட்டான், அதோடு இந்தப் பேச்சு முடிந்துவிடும் என்று உள்ளூர ஒரு நினைப்பு. அவன் இருக்கவே முடியாதென்று தெரிந்துவிட்டால் அப்புறம் என் கதி என்ன என்ற பயமும் கூடவே இருந்தது. இரண்டையும் யாரிடமும் சொல்லவில்லை. வித்யாவின் மகள் ரக்ஷிதா நந்தி மலை அடிவாரத்தில், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே தங்குகிற மாதிரி ஒரு வீட்டை போனிலேயே ஏற்பாடு செய்துவிட்டாள். காரையும் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலையில் ஜோசஃபின் பை கட்டினாள். டேரிலின் கட்டில்மேல் பையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஓஸ்வால்டுக்குச் சமையலறையைப் பற்றிச் சத்தமாகப் பாடம் நடத்திக்கொண்டே கட்டினாள். மீன் குழம்பு ஃபிரிட்ஜில் இருக்கிறது, சுட வைக்கும்போது கிளறக்கூடாது, முள் பார்த்துக் கொடுக்க வேண்டும். டேரில் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

“மம்மி எங்க போறே?” என்றான்.

“சொர்ணம் ஆன்ட்டி, வித்யா ஆன்ட்டிகூட வெளியூர் போறேன் கண்ணா. இன்னிக்கு ஒரு ராத்திரி. நீ டாடிகூட சமர்த்தா இருப்பியா?”

“தனியாத் தூங்குவியா?”

“ஆமா” என்றாள். அதற்குள் போன் அடித்தது. சொர்ணம்தான், ஸ்வெட்டர் எடுத்துக்கொள் என்று சொல்ல. பேசி முடித்து, குக்கரை இறக்கிவைத்துவிட்டு வந்தபோது, பை மூடியிருந்தது. நாமே மூடிவிட்டோம்போல என்று தூக்கி வாசலில் வைத்தாள்.

வித்யா ஐம்பது வயதுக்குமேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். விமான நிலைய ரோட்டில் லாரிகளெல்லாம் அவளைத் தாண்டிக்கொண்டு போயின. ஒரு டிராக்டரும் தாண்டியது. சொர்ணம் ஜன்னலைத் திறந்து டிராக்டர்காரருக்குக் கும்பிடு போட்டாள். ஜோசஃபின் சிரிக்க முயன்றாள். ஹெப்பால் மேம்பாலத்திலேயே வீட்டுக்கு ஒரு போன் போட்டிருந்தாள், யெலஹங்காவில் இன்னொன்று. அதோடு சொர்ணம் போனை வாங்கித் தன் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. ஓட்டுக்கூரை, முன்னால் திராட்சைப் பந்தல், பின்னால் மலை. வீட்டைப் பார்த்துக்கொள்கிற கன்னடத்து அம்மா, முத்தே என்கிற ராகிக் களி உருண்டையும் தொட்டுக்கொள்ளக் கீரைச் சாறும் பண்ணிக்கொண்டிருந்தார். ஒரே பெரிய அறை, மூன்று கட்டில். வித்யா வந்ததும் நைட்டிக்கு மாறிவிட்டாள். சொர்ணமும் மாறினாள். “நீயும் மாத்திக்கோடி, ஜோசி. இங்க யார் பாக்கப்போறா?” என்றாள் வித்யா.

ஜோசஃபின் பையைத் திறந்தாள். மேலேயே நீலத் துண்டு, சுருட்டித் திணித்த மாதிரி. அதற்குக் கீழே டேரிலின் டி-ஷர்ட்டுகள். டேரிலின் அரைக்கால் சட்டை. டேரிலின் பனியன், ஜட்டி, பல் பிரஷ். அவனுடைய ஸ்டீல் தம்ளர், உள்ளே அவனுடைய ஸ்பூன். அவனுக்குப் பிடித்த பவுடர் டப்பா. கடைசி வரைக்கும் துழாவினாள். அவளுடையதென்று அந்தப் பையில் இருந்தது ஒரு ஜெபமாலை மட்டும்தான். ஸ்வெட்டர்கூட டேரிலுடையது.

சொர்ணம் எட்டிப் பார்த்தாள். டி-ஷர்ட் ஒன்றை எடுத்து விரித்தாள். நெஞ்சில் ஒரு பெரிய டைனோசர் இருந்தது.

“இத்தப் போட்டுக்கினா நல்லாத்தான் இருப்ப” என்றாள்.

அவ்வளவுதான். வித்யா கட்டிலில் விழுந்து சிரித்தாள். சொர்ணம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜோசஃபினுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. இருபத்தாறு வருஷமாக அவள் கட்டிய பையெல்லாம் டேரிலுக்காகக் கட்டியவை. கைக்கு வேறு எதுவும் தெரியாது. சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். துடைத்தபிறகுதான் அது என்ன துண்டு என்பது உறைத்தது.

“ஐயோ, மாதாவே” என்றாள். “துண்டு இங்க இருக்கு.”

மற்ற இருவருக்கும் சிரிப்பு நின்றது. அந்தத் துண்டைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜோசஃபின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். டி-ஷர்ட் எடுத்தது ஞாபகம் வந்தது, தம்ளர் எடுத்தது ஞாபகம் வந்தது, துண்டு எடுத்தது மட்டும் ஞாபகத்தில் இல்லை. ஞாபகமே இல்லாமல் எடுக்கிற அளவுக்கு ஆகிவிட்டேனே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

சொர்ணம் போனை எடுத்துக் கொடுத்தாள். ஓஸ்வால்ட் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் இல்லாமல் எங்கே போவார்? அவன் அழுது ரகளை பண்ணியிருப்பான், தெருவில் இறங்கி ஓடியிருப்பான், அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பார். மனசு அதுபாட்டுக்கு எங்கெங்கோ போயிற்று.

“கெளம்பலாம்டி” என்று வித்யா சாவியை எடுத்துவிட்டாள். “ரெண்டு மணி நேரம்தானே? துண்டைக் குடுத்துட்டு வந்துடலாம். இல்லேன்னா அங்கேயே இருந்துக்கோ. என்னால உன்னை இப்படிப் பாக்க முடியலை.”

ஜோசஃபின் செருப்பை மாட்டினாள். வாசல்வரை போனாள்.

“போ” என்றாள் சொர்ணம், இருந்த இடத்திலிருந்தே. “தாராளமாப் போ. நான் தடுக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. ஆபரேஷன் டேபிள்ல படுக்க வெச்சு வயித்தத் தொறந்தப்புறம், அய்யோ துண்டு குடுக்கலன்னு எழுந்து ஓடுவியா?”

வித்யா, “ஏய், சொர்ணம்!” என்று அதட்டினாள்.

“நீ சும்னே இரு வித்யா. எனக்கு மட்டும் புள்ள மேல பாசமில்லியா? அந்தத் துண்டே நான் குடுத்தது.” சொர்ணம் டைனோசர் சட்டையைத் திரும்ப மடித்தாள். “எனக்கு இவ வேணும்டி. அவ்ளோதான். துண்டு கந்தலாப் போனா வேற துண்டு பாத்துக்கலாம். இவ போயிட்டா நான் எந்த ஹோட்டல்ல போயி இன்னொருத்தியத் தேடுவேன்?”

இத்தனை வருஷத்தில் சொர்ணம் இப்படிப் பேசி ஜோசஃபின் கேட்டதில்லை. வாசற்படியிலேயே நின்றாள். காலில் செருப்பு, கையில் துண்டு. டேரில் அழுகிற மாதிரி காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் இன்றைக்கு ஓடினால் ஆபரேஷன் இல்லை, அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. செருப்பைக் கழற்றினாள்.

“ஒரு நைட்டி குடுடி” என்றாள் சொர்ணத்திடம்.

சொர்ணத்தின் நைட்டி அவளுக்கு இரண்டு பேர் புகுந்துகொள்ளலாம்போல இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு முத்தே சாப்பிட்டாள். பாதிச் சாப்பாட்டில் ஓஸ்வால்டே கூப்பிட்டார். பின்னால் வண்டிச் சத்தம், யாரோ எண்ணெய்ச் சட்டியில் எதையோ போடும் சத்தம்.

“மிஸ்டு கால் பாத்தேன். மாஸ்க் ரோட்டுக் கடைல இருக்கோம்” என்றார். “கபாப் சாப்பிடறோம்.”

“கபாபா? மீன் கொழம்பு வெச்சிட்டு வந்தேனே! அவன் எப்படி இருக்கான்? அந்தத் துண்டு...”

“கை பூரா மசாலா, ஜோ. அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் அவள் கூப்பிட்டபோது, டேரில் பக்கத்து வீட்டில் கேரம் ஆடுகிறான் என்றார். ராத்திரி கூப்பிட்டபோது, “அவன் அப்பவே தூங்கிட்டான்” என்றார். பொய் என்று ஜோசஃபினுக்குச் சந்தேகமே இல்லை. நான் வருத்தப்படக் கூடாதென்று சொல்கிறார், அங்கே பிள்ளை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். அப்படி நினைத்துக்கொண்டுதான் துண்டைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துப் படுத்தாள். விடியும்வரை கண்ணே மூடப்போவதில்லை என்று தோழிகளிடம் சொல்லவும் சொன்னாள்.

கண்ணைத் திறந்தபோது வெயில் பந்தலைத் தாண்டி ஜன்னலுக்கு வந்திருந்தது. வித்யா காபியோடு நின்றுகொண்டிருந்தாள். “கும்பகர்ணி, எழுந்திரு” என்றாள். நடுவில் ஒரு தடவைகூட விழிக்கவில்லை. வலிகூட எழுப்பவில்லை. எத்தனை மாசத்துக்கப்புறம் இப்படித் தூங்கினோம் என்று யோசித்தால் கணக்கு வரவில்லை. குற்ற உணர்ச்சி மட்டும் வந்தது.

ஆனால் தூங்கியெழுந்த உடம்பு வேறு உடம்பு. அது சிரிக்கக் கூப்பிட்டால் சிரித்தது. வித்யாவின் சுடிதாரை மாட்டிக்கொண்டு, டேரிலின் ஸ்வெட்டரை மேலே போட்டுக்கொண்டு, பந்தலுக்குக் கீழே குனிந்து குனிந்து நடந்தாள். “நம்ம ஹோட்டல் குரல எடுடி, ஜோசி” என்று சொர்ணம் பிடிவாதம் பிடித்தாள். கூச்சப்பட்டுக்கொண்டே தொண்டையைச் சரிசெய்து, வாழைப்பழம் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு, “குட் மார்னிங், ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?” என்றாள். குரல் அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லாமல். சமையலறையிலிருந்து கன்னடத்து அம்மா, யார் வந்திருக்கிறார்கள் என்று வெளியே எட்டிப் பார்த்தார். அன்றைக்கு மத்தியானம்வரை அவர்கள் பேசியதில் உருப்படியான விஷயம் ஒன்றும் கிடையாது. திரும்பும்போது ஜோசஃபின் தேவனஹள்ளிவரை வீட்டுக்குப் போன் பண்ண மறந்தே போயிருந்தாள்.

ஞாபகம் வந்ததும் பழைய பயமும் வந்துவிட்டது. பிரேசர் டவுனுக்குள் கார் நுழைந்தபோது பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கோயில் சந்தில் திரும்பியதும் வாசற்கேட்டில் டேரில் நிற்பது தெரிந்தது. ஓஸ்வால்டின் கோடு போட்ட சட்டையைப் போட்டிருந்தான். அவனுக்குப் பிடித்த சட்டையெல்லாம்தான் பையில் போய்விட்டதே. சட்டை முழங்கால்வரை தொங்கியது. பட்டன்கள் ஒன்று மாறி ஒன்று மாட்டியிருந்ததில் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அப்பா போட்டிருந்தால் சரியாகப் போட்டிருப்பார். அவனே போட்டுக்கொண்டிருக்கிறான்.

ஜோசஃபினின் கை தானாகப் பட்டனுக்குப் போயிற்று. பின்னாலிருந்து சொர்ணம் அந்தக் கையில் ஓர் அடி வைத்தாள்.

“கண்ணா” என்று ஜோசஃபின் அவசர அவசரமாகப் பையைத் திறந்தாள். “மம்மி தெரியாம உன் துண்ட எடுத்துட்டுப் போயிட்டேன்டா. ஸாரிடா. ராத்திரி தூங்கவே இல்லியா நீ?”

டேரில் அவளை விநோதமாகப் பார்த்தான். “தூங்கினேனே” என்றான். பிறகு அவன் அவளைக் கேட்டான். “நீ தூங்கினியா?”

“தூங்கினேன்” என்றாள் ஜோசஃபின்.

டேரிலுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்பாவிடம் திரும்பி, “பாத்தியா டாடி, தூங்கிட்டா” என்றான். “நான்தான் வெச்சேன். மம்மி போன் பேசுச்சுல்ல, அப்ப. ஜிப்பும் போட்டேன். மம்மிக்குத் தனியா தூக்கம் வராது.”

ஜோசஃபின் பையைப் பிடித்தபடி கேட்டருகிலேயே நின்றாள். வலி வந்த ராத்திரிகள், கட்டில் ஓரம், கையில் வந்து விழுந்த துண்டு முனை எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. அவனுக்காகப் போய் உட்கார்ந்தேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாளே! பிள்ளை அவளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“நேத்தே சொல்லிட்டான் எங்கிட்ட, துண்டு மம்மிகிட்ட இருக்கு, தேடாதேன்னு” என்றார் ஓஸ்வால்ட். “அத கேட்டப்புறம் போன்ல சொல்ல எனக்கு மனசு வரல, ஜோ. அவனே சொல்லட்டும்னு விட்டுட்டேன்.”

ஜோசஃபின் படியில் உட்கார்ந்து அழுதாள். அடக்கிக்கொள்ளாமல், மூக்கை வித்யாவின் துப்பட்டாவில் சிந்திக்கொண்டு, தெருவே பார்க்க அழுதாள். அது துக்கமில்லை. பெரிய மூட்டையை யாரோ முதுகிலிருந்து இறக்கி வைத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் அதைத் தூக்கிக்கொண்டிருந்ததே இறக்கியபிறகுதான் தெரிகிறது. வித்யாவும் கூட உட்கார்ந்து அழுதாள். சொர்ணம், கண்ணில் தூசி என்று சொல்லிக்கொண்டு டீ போட உள்ளே போய்விட்டாள்.

டேரில் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். அழுகை முடிகிற மாதிரி தெரியாததால் தனக்கு வேண்டியதைக் கேட்டுவிட்டான்.

“மம்மி, மறுபடி எப்ப போவே?”

“ஏண்டா?”

“டாடி கபாப் வாங்கித் தர்றாரு.”

ஜோசஃபின் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓஸ்வால்டைப் பார்த்தாள். அவர் மெல்லத் தலையாட்டினார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. சொர்ணம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

“அடுத்த மாசம் போவேன்” என்றாள் ஜோசஃபின். “நாலஞ்சு ராத்திரி ஆகும். ஆஸ்பத்திரிக்கு.”

டேரில் யோசித்தான். அவள் மடியில் கிடந்த துண்டை எடுத்தான். கட்டிலுக்குக் கொண்டுபோகப் போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் அதைச் சுருட்டி மறுபடி பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தான்.

“அப்ப இது இதுலயே இருக்கட்டும்” என்றான்.